மாட்சாத் தேயிலை: யப்பானியக் குடும்பத் தோட்டம் கற்பிக்கும் பாடம்

முன்னுரை

தேயிலைச் செடிக்கு ஒளி குறைந்தால் விளைச்சல் குறையும் என்பதைத் தேயிலை செய்வோர் யாவரும் அறிவர். அவ்வாறிருக்க, கொழுந்து அரும்பும் பருவத்திலேயே செடிகளை ஏறக்குறைய இருளில் மூடி வைத்து, அவ்விலையை உலர்த்திக் கல்லில் அரைத்து, மிக உயர்ந்த விலைக்கு விற்பவர் யப்பானியக் கமக்காரர். அத்தூளே மாட்சா எனப்படுவது.

எமது சிறுதோட்டக்காரர் அண்மை ஆண்டுகளில் அடிக்கடி கேட்கும் வினாக்கள் இரண்டு. செயற்கைப் பசளையின்றித் தேயிலை செய்தல் இயலுமா என்பது ஒன்று. மாட்சாவுக்கு நல்ல விலை உண்டெனக் கூறுகின்றனரே, நாமும் அதனைச் செய்யலாமா என்பது மற்றையது. சேதன முறையில் மாட்சா ஆக்கும் யப்பானியக் குடும்பத் தோட்டங்களின் ஆண்டு வேலைகளைக் கவனிப்போர்க்கு இவ்விரு வினாக்களுக்கும் விடை கிடைக்கும்.

அவ்விடையைச் சுருக்கமாக முதலிலேயே கூறிவிடுவோம். செடியை நிழலால் மூடுதல் அச்செடியிடம் கடன் வாங்குவதை ஒக்கும். மண்ணை வளப்படுத்துதல் அக்கடனை முன்கூட்டியே செலுத்தி வைப்பதை ஒக்கும். செயற்கைப் பசளையிடுவோர் கடனை விரைவாகத் திருப்பிக் கொடுக்கலாம். சேதன முறையைக் கைக்கொள்வோர்க்கு அவ்வசதி இல்லை. ஆதலால் அவர்கள் ஆண்டுகள் பலவற்றுக்கு முன்னரே ஆயத்தம் செய்தல் வேண்டும்.

மாட்சா என்பது யாது?

கறுப்புத் தேயிலைக்குக் கொழுந்தை வாடவிட்டு, உருட்டி, ஒட்சியேற்றமடையச் செய்து உலர்த்துகின்றோம். பச்சைத் தேயிலைக்கோ கொழுந்தை உடனே வெப்பப்படுத்தி ஒட்சியேற்றத்தைத் தடுக்கின்றனர். மாட்சா பச்சைத் தேயிலையின் ஒரு வகை. அதற்குரிய இலை நிழலில் வளர்ந்திருத்தல் வேண்டும். நீராவியில் அவிக்கப்படல் வேண்டும். உருட்டாது உலர்த்தப்படல் வேண்டும். இவ்வாறு உலர்ந்த இலையைத் தென்சா என்பர். தென்சாவிலுள்ள காம்பையும் நரம்பையும் நீக்கி, எஞ்சிய மெல்லிய இலைப்பகுதியை அரைத்துப் பெறும் தூளே மாட்சா. வெயிலில் வளர்ந்த சாதாரண பச்சைத் தேயிலையை அரைத்த தூளும் சில சந்தைகளில் இதே பெயரால் விற்கப்படுகின்றது. அதன் நிறம் மங்கலாயும் சுவை கசப்பாயும் இருக்கும்.

நாம் அருந்தும் தேநீரில் இலையின் சாரம் மட்டுமே சேர்கின்றது, சக்கையை வீசிவிடுகின்றோம். மாட்சாவை அருந்துவோர் ஏறக்குறைய 2 கிராம் தூளைக் கிண்ணத்திலிட்டு, 80 பாகை செல்சியசு அளவிற் சூடான நீரைச் சிறிது ஊற்றி, மூங்கிற் கடைகோலால் நுரைவரக் கடைந்து, இலை முழுவதையும் உட்கொள்கின்றனர். இலையில் நஞ்சு தங்கியிருப்பின் அதுவும் உடலிற் சேரும். சேதன மாட்சாவை விரும்பித் தேடுவோர் உளராவதற்கு இதுவே முதற் காரணம். இலையில் எஞ்சியிருக்கக்கூடிய பீடைநாசினியின் அளவுபற்றி ஒவ்வொரு நாடும் வெவ்வேறு எல்லை வகுத்திருத்தல் இரண்டாவது காரணம். யப்பானில் அனுமதிக்கப்பட்ட தேயிலை ஐரோப்பாவில் மறுக்கப்படலாம். ஆதலால் ஏற்றுமதியை நாடும் தோட்டங்கள் சேதன முறையை மேற்கொள்கின்றன.

வரலாறு

தேயிலையைத் தூளாக்கி அருந்தும் வழக்கம் சீன நாட்டிற் சொங் அரசர் காலத்தில் நிலவியது. எய்சாய் என்னும் பௌத்த துறவி 1191 ஆம் ஆண்டில் அங்கிருந்து யப்பானுக்குத் திரும்பியபோது தேயிலை விதைகளையும் தூட்தேநீர் அருந்தும் முறையையும் கொண்டுவந்தார். தேயிலையின் நன்மைகளைப் பற்றி 1211 இல் ஒரு நூலும் எழுதினார். கியோத்தோ நகருக்கு அண்மையிலுள்ள மலைக்கோயிலில் வாழ்ந்த மியோஎ என்னும் துறவி அவரிடம் பெற்ற விதைகளை நட்டார் என்பது வரலாறு. பின்னர் கியோத்தோவுக்குத் தெற்கேயுள்ள ஊஜி என்னும் ஊர் தேயிலைக்குப் பெயர் பெற்றது.

செடிகளை மூடும் வழக்கம் ஊஜியிலேயே வளர்ந்தது. வசந்த காலத்தின் பிந்திய உறைபனி இளங்கொழுந்தைக் கருக்கிவிடும். அதனைத் தடுத்தற்பொருட்டுக் கமக்காரர் நாணற் பாய்களாலும் வைக்கோலாலும் பந்தலிட்டனர். 16 ஆம் நூற்றாண்டின் இறுதியில் யப்பானில் வாழ்ந்த போர்த்துக்கேயப் பாதிரியார் சுவாம் றொத்ரிகசு இப்பந்தல்களைப் பற்றி எழுதி வைத்துள்ளார். பனிக்காக இட்ட பந்தலின் கீழ் வளர்ந்த இலை இனிமையுடையதாயிருத்தலைக் கண்டபின், பந்தல் சுவைக்காகவே இடப்படலாயிற்று.

தோட்டமும் குடும்பமும்

ஊஜிக்குத் தென்கிழக்கில் வாசுக்கா என்னும் ஊர் உளது. அங்கே மலைச்சரிவுகளில் வரிசை வரிசையாகத் தேயிலை வளர்கின்றது. இங்கும், மாட்சாவுக்குப் பெயர்பெற்ற ஐச்சி மாகாணத்து நிசியோவிலும், தெற்கே ககோஷிமாவிலும், ஷிசுவோக்காவிலும் குடும்பத்தவரே உழைத்து நடத்தும் தோட்டங்கள் பல உள. முதியோர், மகன், மருமகள் எனச் சிலரே ஆண்டு முழுவதும் வேலை செய்வர். பறிக்கும் பருவத்தில் மட்டும் அயலார் துணைக்கு வருவர்.

இத்தகைய குடும்பத் தோட்டங்களில் இன்று முதியோரே மிகுதி. இளைஞர் நகரங்களை நாடிச் செல்கின்றனர். கைவிடப்பட்ட தேயிலை நிலங்களையும் காணலாம். பயிரை நல்ல விலைக்கு விற்க இயலுமாயின் மட்டுமே பிள்ளைகள் தோட்டத்தில் தங்குவர். ஆகவே சேதன மாட்சா அக்குடும்பங்களுக்கு வாழ்வாதாரம் பற்றிய விடயமாகும்.

அங்கு வளர்வன சிற்றிலையுடைய சீன இனத்தைச் சேர்ந்த செடிகள். யப்பானில் மிகுதியாகப் பயிரிடப்படுவது யபுக்கித்தா. இது ஷிசுவோக்காவில் 1908 ஆம் ஆண்டளவில் தெரிவு செய்யப்பட்டது. தென்சாவுக்குச் சமிதோரி, அசாகி, ஒக்குமிதோரி போன்ற வருக்கங்களையும் விரும்பி நடுகின்றனர். அங்கே குளிர்காலத்தில் செடி வளர்ச்சியின்றி ஓய்ந்திருக்கும். இவ்வோய்வு எம் நாட்டுச் செடிகளுக்கு இல்லை என்பதை வாசிப்போர் மனத்திற் கொள்க.

நிழலிடும் முறை

ஏப்பிரல் மாதத்தில் அரும்புகள் விரிந்து ஓரிரண்டு இலைகள் தோன்றும் காலத்தில் நிழலிடத் தொடங்குவர். பழைய முறையில், ஏறக்குறைய ஓர் ஆள் உயரத்துக்குச் சற்று மேலாகக் கம்புகளாற் பந்தல் அமைத்து, முதலில் நாணற் பாய்களை விரிப்பர். ஒரு வாரம் அல்லது பத்து நாட்களின் பின் பாய்களின் மீது வைக்கோலைப் பரப்புவர். இவ்வாறு ஒளி படிப்படியாகக் குறைக்கப்படும். இறுதியிற் செடிக்குக் கிடைப்பது நூற்றுக்கு ஐந்து பங்கு ஒளி மட்டுமே. இன்று பெரும்பாலான தோட்டங்களில் வைக்கோலுக்குப் பதிலாகக் கறுப்பு நிறச் செயற்கை நூல் வலைத்துணியைப் பயன்படுத்துகின்றனர். நிழலிடும் காலம் பொதுவாக 20 முதல் 30 நாட்களாகும்.

எமது தோட்டங்களில் உள்ள நிழல்மரங்கள் ஒளியை ஓரளவு தணிப்பன. செடிக்கு ஆண்டு முழுவதும் நன்மை தருவன. யப்பானியர் இடும் பந்தலோ குறுகிய காலத்துக்கு ஒளியை ஏறக்குறைய முற்றாகத் தடுப்பது. இரண்டையும் ஒன்றெனக் கருதலாகாது.

இலையினுள் நிகழும் மாற்றம்

தேயிலையின் வேர் மண்ணிலுள்ள நைதரசனை உறிஞ்சித் தியனீன் என்னும் பொருளை ஆக்குகின்றது. யப்பானிய ஆய்வாளர் 1949 இல் நிழற்றேயிலையிற் கண்டறிந்த இப்பொருளே தேநீருக்கு இனிய, நிறைந்த சுவையை அளிப்பது. வேரில் உண்டான தியனீன் இலையை அடைந்தபின், வெயிற்பட்டாற் சிதைந்து, கசப்பும் துவர்ப்பும் தரும் கற்றக்கீன்கள் ஆவதற்குப் பயன்படுகின்றது. வெயில் தடுக்கப்பட்டாற் தியனீன் சிதையாது இலையிலே தங்கும், கற்றக்கீன் குறையும்.

குறைந்த ஒளியைக்கொண்டு பிழைக்க முயலும் இலை, பச்சையத்தைப் பெருக்கிக் கொள்கின்றது. அகன்றும் மெல்லியதாயும் வளர்கின்றது. அதனால் மாட்சாவுக்குக் கடும்பச்சை நிறம் வாய்க்கின்றது. இலையும் மென்மையாக அரைபடுகின்றது. நிழலில் வளர்ந்த இலைக்குக் கடற்பாசியை ஒத்த தனி மணமும் உண்டு.

இங்கே ஒன்றை உற்று நோக்குக. தியனீன் நைதரசனால் ஆவது. மண்ணில் நைதரசன் இல்லையாயின், பந்தல் எவ்வளவு அடர்த்தியாயிருப்பினும் நற்சுவை வராது. நிழல் புதிதாக எதனையும் ஆக்குவதில்லை. வேர் அனுப்பியதைக் காத்துக் கொடுக்கின்றது.

செடி படும் இடர்

இலை தனக்கு வேண்டிய உணவை ஒளியின் துணைகொண்டே ஆக்குகின்றது. பந்தலின் கீழ் அவ்வேலை பெரும்பாலும் நின்றுவிடும். எனினும் கொழுந்து வளர்கின்றது. எதனைக்கொண்டு வளர்கின்றது? வேரிலும் தண்டிலும் முன்னாட்களிற் சேர்த்து வைக்கப்பட்ட மாப்பொருளையும் நைதரசனையும் கொண்டே வளர்கின்றது. அவ்வாறு வளர்ந்த இலை முழுவதையும் நாம் பறித்துவிடுகின்றோம். உயர்தரத் தோட்டங்களில் அதன்பின் செடியை ஆழமாகக் கவ்வாத்தும் செய்கின்றனர். ஒரே மாதத்தில் மூன்று அடிகளைச் செடி தாங்க வேண்டியதாகின்றது.

வேரிலே போதிய மாப்பொருளின்றிக் கவ்வாத்துச் செய்யப்பட்ட செடி மீண்டும் தளிர்க்காது மடிவதை எமது தோட்டக்காரர் கண்டிருப்பர். இதன்பொருட்டே கவ்வாத்துக்கு முன் வேரை வெட்டி அயடீன் கரைசலிட்டு மாப்பொருளைச் சோதிக்கும் வழக்கம் இங்கு ஏற்பட்டது. நிழற்றோட்டத்துக்கும் இவ்வுண்மை பொருந்தும். ஆகையாற் கைதேர்ந்த யப்பானியக் கமக்காரர், இளங்கன்றுகளுக்கு நிழலிடார். நலிந்த செடிகளை அவ்வாண்டு வெயிலிலேயே விடுவர். உயர்தரத் தோட்டங்களில் ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே பறிப்பர். எஞ்சிய மாதங்களில் முளைக்கும் இலை யாவும் செடிக்கே உரியது.

சேதன முறைக்கு மாறுதல்

யப்பானிற் சேதன விளைபொருட்களுக்குரிய நியமம் 2000 ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது. தேயிலை போன்ற பல்லாண்டுப் பயிருக்கு, முதல் அறுவடைக்கு முன் குறைந்தது மூன்று ஆண்டுகள் தடைசெய்யப்பட்ட பசளையும் பீடைநாசினியும் களைநாசினியும் இடப்படாதிருத்தல் வேண்டும். அயல் தோட்டத்து மருந்து காற்றிற் பறந்துவந்து படியாதவாறு இடைவெளியோ தடுப்போ இருத்தல் வேண்டும். தொழிற்சாலையிலும் சேதன இலை பிறவற்றோடு கலவாதிருத்தல் வேண்டும். பதிவுபெற்ற நிறுவனம் ஆண்டுதோறும் பரிசோதித்தபின்னரே அதற்குரிய இலச்சினையைப் பொறிக்கலாம்.

இம்மூன்று ஆண்டுகளே குடும்பத்துக்கு மிகக் கடினமானவை. விளைச்சல் குறையும், பீடை மிகும், விற்பனையிலோ சேதன இலைக்குரிய விலை கிடையாது. ஆதலால் தோட்டம் முழுவதையும் ஒரே ஆண்டில் மாற்றாது, ஒரு துண்டை முதலில் மாற்றி, அது நிலைபெற்றபின் மற்றையதை மாற்றுதல் அறிவுடைமையாகும். மாற்றிய துண்டின் இலையையும் கணக்கையும் தனியே வைத்தல் வேண்டும்.

நைதரசன் கணக்கு

யப்பானியத் தேயிலைக்கு மிகுந்த நைதரசன் இடுதல் வழக்கம். சென்ற நூற்றாண்டின் இறுதியில், ஏக்கருக்கு ஆண்டுக்கு 400 கிலோகிராமிலும் கூடுதலான நைதரசனை இட்ட தோட்டங்களும் இருந்தன. செடி உண்டது போக எஞ்சியது நிலத்தடி நீரிலும் ஓடைகளிலும் நைத்திரேற்றாகச் சேர்ந்தது. மண்ணின் அமிலத்தன்மையும் மிஞ்சியது. அதன்பின் அங்குப் பசளையின் அளவு பெரிதும் குறைக்கப்பட்டது.

சேதன முறையில் நைதரசனைப் பெறும் வழி யாது? கடுகினத்தைச் சேர்ந்த எண்ணெய் வித்துப் பிண்ணாக்கு, சோயாப் பிண்ணாக்கு, மீன்தூள், கூட்டெரு ஆகியவற்றை அங்குப் பயன்படுத்துகின்றனர். ஒரு கணக்குச் செய்து பார்ப்போம். அரை ஏக்கர் தோட்டத்துக்கு ஆண்டுக்கு 80 கிலோகிராம் நைதரசன் வேண்டுமெனக் கொள்வோம். பிண்ணாக்கில் நூற்றுக்கு ஏறக்குறைய 5 பங்கு நைதரசன் உண்டு. எனவே 1,600 கிலோகிராம் பிண்ணாக்கு வேண்டும். நூற்றுக்கு ஒரு பங்கு நைதரசனுடைய கூட்டெருவை மட்டுமே இடுவதாயின் 8,000 கிலோகிராம் வேண்டும். அதனைச் சுமந்து மலையேற்றுவோர் யார்? வாங்கப் பணம் எங்கே? சேதன முறையை மேற்கொள்ள எண்ணுவோர் முதலில் இக்கணக்கைத் தம் தோட்டத்துக்குச் செய்து பார்த்தல் வேண்டும்.

மேலும், சேதனப் பசளை உடனே செடிக்குப் பயன்படாது. மண்ணிலுள்ள நுண்ணங்கிகள் அதனைச் சிதைத்து அமோனியமாக மாற்றியபின்னரே வேர் அதனை உறிஞ்சும். மண் குளிர்ந்திருப்பின் இம்மாற்றம் மந்தமாகும். ஏப்பிரலில் தளிர்க்கும் கொழுந்துக்கு மார்ச்சில் இட்ட பிண்ணாக்கு முற்றாக உதவுவதில்லை. ஆகவே சேதனக் கமக்காரர் இலையுதிர் காலப் பசளையையே முதன்மையாகக் கருதுவர். ஓகத்து இறுதியிலும் செத்தெம்பரிலும், மண் இன்னும் வெப்பமாயிருக்கையில், பசளையை வரிசைகளின் இடையே இட்டு மேல்மண்ணோடு கலப்பர். வேர் அதனை உறிஞ்சிக் குளிர்காலம் முழுவதும் சேமித்து வைத்து வசந்தத்தில் தளிருக்கு அனுப்பும்.

இவ்வாறு செய்தும், மிகுந்த பசளை பெற்ற தோட்டத்து மாட்சாவின் நிறைந்த இன்சுவையைச் சேதன மாட்சா எட்டுதல் அரிது. நேர்மையான கமக்காரர் இதனை மறையார். தம் தேயிலையை அதன் தெளிந்த மணத்துக்காகவும் நஞ்சின்மைக்காகவும் விரும்புவோர்க்கே விற்பர்.

புல்லும் வைக்கோலும்

ஷிசுவோக்கா மாகாணத்திற் பழமையான முறை ஒன்று உளது. தோட்டத்தைச் சூழ்ந்த நிலங்களிற் சுசுக்கி எனப்படும் உயரமான புல்லை வளரவிட்டு, இலையுதிர் காலத்தில் அதனை வெட்டிக் கட்டுகளாக உலர்த்தி, குளிர்காலத்திற் தேயிலை வரிசைகளின் இடையே பரப்புவர். இம்மூடுபடை களையை அடக்கும்; ஈரத்தைக் காக்கும்; சரிவில் மண் அரிக்கப்படுதலைத் தடுக்கும்; மெல்ல மெல்ல உக்கி மண்ணாகும். அப்புல்வெளிகளில் அரிய செடிகளும் பூச்சிகளும் தப்பி வாழ்கின்றன. ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் 2013 இல் இம்முறையை உலக முக்கியத்துவம் வாய்ந்த விவசாய மரபுகளுள் ஒன்றாக ஏற்றது.

ஊஜியின் பழைய பந்தல் முறையிலும் இதே சிக்கனம் உண்டு. நிழலுக்கெனப் பரப்பிய வைக்கோல், பறித்தல் முடிந்தபின் அத்தோட்டத்து மண்ணுக்கே மூடுபடையாகின்றது. வலைத்துணி இவ்வாறு உதவாது.

புல்லையும் வைக்கோலையும் பரப்பும்போது ஓர் எச்சரிக்கை வேண்டும். உலர்ந்த புல்லை மண்ணினுள் புதைத்தால், அதனைச் சிதைக்கும் நுண்ணங்கிகள் மண்ணிலுள்ள நைதரசனைத் தாமே எடுத்துக்கொள்ளும், செடி மஞ்சணிறமாகும். மேற்பரப்பிலே பரப்பி விடுதலே முறையாகும்.

பீடைகளும் நோய்களும்

முதற் கொழுந்து குளிர் முற்றாக நீங்குமுன் தளிர்ப்பதால், அப்பருவத்திற் பூச்சிகள் குறைவு. ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் பறிப்பதனால் விளையும் பெரும் நன்மை இதுவே. பின்வரும் கோடைக் கொழுந்தைத் தத்துப்பூச்சியும் இலைசுருட்டிப் புழுவும் ஓரளவு தின்னினும் விற்பனைக்குரிய இலை இழக்கப்படுவதில்லை. எனினும் கோடை இலையே வேருக்கு உணவூட்டுவதாகையால், சேதம் மிஞ்சவிடலாகாது.

பறித்தபின் செய்யும் கவ்வாத்து, இலைகளில் இருந்த முட்டைகளையும் நோயுற்ற பகுதிகளையும் நீக்கிவிடும். மழைக்காலத்தில் இளந்தளிரைப் பற்றும் பங்கசு நோய்க்கு யபுக்கித்தா எளிதில் இரையாகும். ஆதலால் எதிர்ப்புள்ள வருக்கங்களை நடுதல் நன்று. தண்டை மூடி உறிஞ்சும் செதிற்பூச்சிக்கு, முட்டை பொரிக்கும் நாட்களில் நீரைத் தூவி ஈரமாக வைத்திருத்தலைச் சில தோட்டங்களிற் கையாளுகின்றனர். ஈரத்தில் முட்டைகள் பொரியாது கெடும். இலைசுருட்டிப் புழுவுக்கு அப்புழுவை மட்டுமே தாக்கும் வைரசையும், ஆண் பூச்சியை ஏமாற்றும் மணப்பொருளையும் பயன்படுத்துவர். சிலந்திகளும் குளவிகளும் பிற வேலைகளைச் செய்யும். மருந்து தெளிப்பதை நிறுத்திய உடனே இவை வந்து சேர்ந்துவிடா; சில ஆண்டுகள் செல்லும்.

பறித்தலும் பதப்படுத்தலும்

வசந்தத்தின் தொடக்கத்திலிருந்து எண்பத்தெட்டாம் நாள், அதாவது மே 2 ஆம் தேதியளவில், புதுத்தேயிலை பறிக்கும் பருவம் எனல் யப்பானிய மரபு. நிழற்றோட்டத்துப் பறிப்பு மே மாதத்தின் நடுவிற் சிறந்து நடக்கும். எமது தோட்டங்களில் இரண்டு இலையும் ஓர் அரும்பும் பறிப்பர். தென்சாவுக்கு நாலைந்து இலை விரியும்வரை காத்திருந்து, உயர்தரமாயின் கையாலும், ஏனையவற்றை இயந்திரத்தாலும் பறிப்பர்.

பறித்த இலையை அன்றைய தினமே சில வினாடிகள் மட்டும் நீராவியில் அவிப்பர். பின்னர் உயரமான வலைக்கூண்டுகளினுள் காற்றால் மேலெழுப்பிக் குளிரச்செய்து, ஒட்டிய இலைகளைப் பிரிப்பர். அடுத்து, செங்கல்லாற் கட்டிய நீண்ட உலையினுள் நகரும் வலைத்தட்டுகளின்மீது இலை சென்று உலரும். இலை எவ்விடத்தும் உருட்டப்படுவதில்லை. இலையின் எடையில் ஐந்தில் நான்கு பங்களவு நீராகையால், 5 கிலோகிராம் பச்சை இலையிலிருந்து ஏறக்குறைய 1 கிலோகிராம் உலர்ந்த இலையே கிடைக்கும். காம்பும் நரம்பும் நீக்கியபின் அதுவும் குறையும்.

மரபின்படி தென்சாவைச் சாடியில் அடைத்துக் கோடை முழுவதும் வைத்திருந்து நவம்பரிற் திறப்பர். கருங்கல் ஆட்டுரல் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 40 கிராம் தூளையே தரும். விரைவாகச் சுழற்றினாற் கல் சூடேறி மணமும் நிறமும் கெடும். அரைத்த தூள் ஒளியாலும் வெப்பத்தாலும் காற்றாலும் விரைவில் மஞ்சளிக்கும்; காற்றுப் புகாத தகரத்தில் அடைத்துக் குளிர்ந்த இடத்தில் வைத்தல் வேண்டும்.

ஆண்டு வேலைகள்

பெப்ரவரி – மார்ச்சு: வசந்தப் பசளை, பந்தற் கம்புகளைச் சீர்செய்தல்.
ஏப்பிரல்: உறைபனியைக் கவனித்தல், நிழலிடல்.
மே: பறித்தல், அவித்தல், உலர்த்தல்.
மே இறுதி – யூன்: கவ்வாத்து, வைக்கோலை மண்ணிற் பரப்புதல்.
யூலை – ஓகத்து: கையாற் களை பிடுங்குதல்; கொடிகளை அகற்றுதல்; பீடையைக் கவனித்தல்.
ஓகத்து இறுதி – செத்தெம்பர்: இலையுதிர் காலப் பசளை.
ஒற்றோபர் – சனவரி: புல் வெட்டுதல், உலர்த்துதல், பரப்புதல், தென்சா அரைத்தல்.

நிழலும் பறித்தலும் ஏறக்குறைய இரண்டு மாத வேலை. எஞ்சிய பத்து மாதங்களும் மண்ணையும் வேரையும் பேணுவதிலேயே கழிகின்றன.

சந்தை நிலை

யப்பானில் 2023 இல் 4,000 தொன்னுக்குச் சற்று மேற்பட்ட தென்சா விளைந்தது. இது 2010 இல் விளைந்ததன் மூன்று மடங்களவாகும். அப்படியிருந்தும் 2024 இல் தேவை மிஞ்சியதால், கியோத்தோப் பகுதிக் கடைகள் சில ஒருவருக்கு இவ்வளவே என வரையறை செய்தன. 2025 வசந்தத்தில் தென்சாவின் ஏல விலை பெரிதும் உயர்ந்தது. இவ்விலையைக் கேள்வியுறும் எவர்க்கும் ஆசை பிறத்தல் இயல்பு. ஆனாற் புதிதாக நட்ட கன்று தென்சாவுக்கு உரிய செடியாவதற்கு ஐந்து ஆண்டுகளேனும் செல்லும். இன்றைய விலை அன்றும் நிலைக்கும் என எவரும் உறுதி கூற இயலாது.

எமக்குரிய பாடம்

எமது நாட்டில் 2021 மே மாதத்திற் செயற்கைப் பசளையினதும் பீடைநாசினியினதும் இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டு முடியுமுன் அத்தடை நீக்கப்பட்டது. 2021 இல் ஏறக்குறைய 299 மில்லியன் கிலோகிராமாயிருந்த தேயிலை உற்பத்தி, 2022 இல் ஏறக்குறைய 251 மில்லியன் கிலோகிராமாகக் குறைந்தது. எரிபொருட் பற்றாக்குறை போன்ற பிற காரணங்களும் இருந்தன. எனினும் பசளை பெறாத செடிகள் நலிந்ததைச் சிறுதோட்டக்காரர் தம் கண்ணாற் கண்டனர். சேதன முறை இயலாது எனப் பலர் அன்று முடிவு செய்தனர். யப்பானியத் தோட்டங்கள் அது இயலும் எனக் காட்டுகின்றன. ஆனால் மூன்று ஆண்டு ஆயத்தமும், தொன் கணக்கிற் பிண்ணாக்கும் புல்லும், குறைந்த விளைச்சலைத் தாங்கும் உயர்ந்த விலையும் இருந்தாலன்றி இயலாது எனவும் காட்டுகின்றன. ஒரே நாளிற் செய்யத்தக்க மாற்றம் அன்று அது.

மாட்சாவைப் பற்றிய வினாவுக்கு வருவோம். எமது செடிகள் பெரும்பாலும் கறுப்புத் தேயிலைக்கெனத் தெரிவு செய்யப்பட்டவை, கற்றக்கீன் மிகுந்தவை. எமது செடிகளுக்குக் குளிர்கால ஓய்வும் இல்லை. சில நாட்களுக்கு ஒருமுறை பறிக்கப்படும் செடி வேரிற் சேமிப்பது குறைவு. அவித்து உலர்த்தும் உலை அண்மையில் இல்லையாயின் நிழலில் வளர்ந்த இலை சாதாரண கொழுந்தின் விலைக்கே போகும். ஆகவே வாங்குவோரையும் உலையையும் உறுதி செய்யாது எவரும் தம் தோட்டத்துக்கு வலைத்துணி வாங்கலாகாது. அறிய விரும்புவோர் பத்துப் பன்னிரண்டு நல்ல செடிகளுக்கு மட்டும் நிழலிட்டு, அவை மீண்டும் எவ்வாறு தளிர்க்கின்றன என ஓர் ஆண்டு பார்த்துக் குறித்து வைக்கட்டும்.

எனினும் மாட்சா செய்யாதோரும் அத்தோட்டங்களிடமிருந்து இன்றே கற்றுக் கைக்கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. அது புல்வெளி. வேலியோரங்களிற் கிளிசிறிடியாவையும், பாழ்நிலத்திற் குவாத்தமாலாப் புல்லையோ மானாப் புல்லையோ வளர்த்து, வெட்டி, வரிசைகளின் இடையே பரப்புவதற்குக் கைப்பணம் வேண்டியதில்லை. பசளையின் விலை ஏறினும் இறங்கினும் அம்மண் வளர்ந்துகொண்டேயிருக்கும்.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. நிழல் சுவையைக் காக்கும். சுவைக்கு வேண்டிய நைதரசனை மண்ணே தரவேண்டும்.
2. நலிந்த செடிக்கும் இளங்கன்றுக்கும் நிழலிடலாகாது.
3. சேதனப் பசளையைப் பயிருக்கு வேண்டிய காலத்துக்குப் பல மாதங்கள் முன்னரே இடுக.
4. மாறுமுன் நைதரசன் கணக்கைச் செய்க. பிண்ணாக்கும் கூட்டெருவும் எங்கிருந்து வரும் என எழுதி வைக்க.
5. தோட்டத்தைத் துண்டு துண்டாக மாற்றுக. ஒரே ஆண்டில் முழுவதையும் மாற்றற்க.
6. புல்லை மண்மீது பரப்புக, புதைக்கற்க.
7. வாங்குவோரையும் பதப்படுத்தும் இடத்தையும் உறுதி செய்தபின்னரே புதிய முயற்சியில் இறங்குக.

மேலும் விளக்கம் வேண்டுவோர் தத்தம் பகுதித் தேயிலை ஆலோசனை உத்தியோகத்தரை அணுகி, மண்ணைப் பரிசோதிப்பித்து, அவர் கூறும் முறைப்படி நடப்பாராக.